நீர்க்கடுப்பு: சுண்ணாம்பு முதல் சல்பா வரை

எங்க மதுரைப் பக்கம் "சூடு பிடிச்சிருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா வேற விளக்கமே வேணாம். நீர்க்கடுப்புதான். உடனே கால் பெருவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவச் சொல்வாங்க. இல்லைன்னா தொப்புள்ல நல்லெண்ணெய். சிரிக்காதீங்க மக்களே, ஒரு காலத்துல சீமை டாக்டர்கள் கையிலயும் இதுக்குப் பெரிய மருந்து கிடையாது :-)

எங்க சொந்தத்துலயே இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் முழுங்குற பெண்கள் இருக்காங்க. வேற வழியே இல்லையான்னு அவங்க கேட்டதுல கொஞ்சம் பழங்கதையைக் கிளறினேன்.

சித்த வைத்தியத்துல சிறுபீளை, நெருஞ்சில், நீர்முள்ளி எல்லாம் நீர் பிரிய வைக்கிற மூலிகைகள். சிறுபீளைன்னா வேற ஒண்ணுமில்ல, பொங்கலுக்குக் காப்பு கட்டுற கண்ணுப்பிள்ளைதான். கம்மாய்க்கரையில சும்மா முளைச்சுக் கிடக்கும். கஷாயம் வச்சுக் குடிச்சாங்க.

1890-களில் ஜெர்மனியில் நிக்கோலேயர் என்கிற டாக்டர் ஹெக்ஸமின் என்ற மருந்தைக் கொண்டு வந்தார். புளிப்புத் தன்மையுள்ள சிறுநீரில் இது ஃபார்மால்டிஹைடாக உடைந்து கிருமியைக் கொல்லும். 1935-ல் டோமாக் சல்பா மருந்தை அறிவிச்சார், பின்னாடியே பென்சிலின். அவ்வளவுதான், பழசெல்லாம் பரண் ஏறிடுச்சு.

ஆனா கிருமி சும்மா இருக்குமா? 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவங்களும் லான்செட் குழும இதழில் எழுதிய கட்டுரை, கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்கையும் முறிக்கிற கிருமிகள் சென்னையிலும் இருக்குன்னு காட்டுச்சு. 2014 மார்ச்சிலிருந்து பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு எச்-1 பட்டியல் வந்துச்சு.

இப்ப பரணிலிருந்து இறங்குது பாருங்க. 2022-ல் பிரிட்டனில் 240 பெண்களிடம் நடந்த சோதனையில், திரும்ப வராம தடுக்க அந்தப் பழைய ஹெக்ஸமின் குடும்ப மருந்து தினசரி ஆன்டிபயாட்டிக்குக்குச் சளைத்ததில்லைன்னு தெரிஞ்சுது. (டாக்டர் சொல்லாம வாங்கிடாதீங்க.)

அதை விட எளிசு தண்ணி. 2018-ல் வெளிவந்த ஆய்வு: கம்மியா தண்ணி குடிக்கிற 140 பெண்கள். அதில் பாதிப் பேர் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாக் குடிச்சாங்க. ஒரு வருஷத்துல சராசரி 3.2 தடவை வர வேண்டியது 1.7 ஆச்சு. ஆய்வுக்குக் காசு கொடுத்தது பாட்டில் தண்ணி விக்கிற டனோன் கம்பெனிங்கிறதையும் சொல்லிடறேன். ஆனா குழாய்த் தண்ணியும் தண்ணிதானே!

இங்கதான் எனக்கு உறுத்துது. மாசி வீதிகள்ல நாள் முழுக்க நின்னுக்கிட்டே துணி எடுத்துப் போடுற பொண்ணுங்ககிட்ட "நிறைய தண்ணி குடிம்மா"ன்னு சொல்றது சுலபம். குடிச்சா எங்க போறது? கக்கூஸ் நல்லா இல்லைன்னு காலையிலிருந்து நாக்கைக் கூட நனைக்காம இருக்கிறவங்க எத்தனை பேர்! 2021-ல் தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமைச் சட்டம் வந்துச்சு. உட்கார நாற்காலி மாதிரியே சுத்தமான கழிப்பறையும் போக அஞ்சு நிமிஷமும் முக்கியம். இது இல்லாம எந்த மாற்று மருந்தைப் பேசியும் பிரயோஜனமில்லை.

கடைசியா ஒண்ணு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுல வலி, நீர்ல ரத்தம், இல்ல கர்ப்பமா இருக்காங்கன்னா சுண்ணாம்பு, கஷாயம்னு நாளைக் கடத்தாதீங்க. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிட்டா அங்க ஆன்டிபயாட்டிக்தான் உயிர் காக்கும். அந்த நேரத்துக்கு அது வேலை செய்யணும்னுதான் மத்த நாள்ல சிக்கனமா இருக்கச் சொல்றேன்.