விஸ்கி: தயாரிப்பு முறையும் தவறான நம்பிக்கைகளும்

“விஸ்கி தானியத்திலிருந்து தயாராகிறது, அதில் சர்க்கரை இல்லை, ஆகவே கெடுதல் குறைவு” என நோயாளிகள் பலர் நம்புகின்றனர். அது எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதை அறிந்தால், இந்நம்பிக்கையின் பிழை விளங்கும்.

தயாரிப்பு முறை

முளைகட்டிய பார்லி போன்ற தானியத்தை அரைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. ஈஸ்ட் அச்சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. பின்னர் காய்ச்சி வடிக்கும்போது ஆல்கஹாலும் மணப்பொருள்களும் நீராவியுடன் பிரிந்து வருகின்றன. தானியத்தின் புரதமும் நார்ச்சத்தும் கொதிகலனிலேயே தங்கிவிடுகின்றன. ஸ்காட்லாந்தில் இது ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைக்கப்படுகிறது. இந்தியாவில் விற்கப்படும் பல விஸ்கிகளில், கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமும் கலக்கப்படுகிறது. எவ்வகையாயினும் உடலைப் பாதிப்பது ஆல்கஹாலே.

தவறு: சர்க்கரை நோயாளிகளுக்கு விஸ்கி ஏற்றது.
உண்மை: 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 60 மி.லி. விஸ்கியில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹாலும் 140 கலோரியும் உள்ளன. கல்லீரல் குளுக்கோஸ் உருவாக்குவதை ஆல்கஹால் தடுக்கிறது. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை பயன்படுத்துவோருக்குப் பல மணி நேரம் கழித்தும், உறக்கத்திலும் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு ஆகியவற்றைப் போதை எனக் கருதிவிடாமல், உடனே சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள்.

தவறு: சளிக்குச் சிறிதளவு விஸ்கி மருந்தாகும்.
உண்மை: தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால் வெதுவெதுப்பு தோன்றுகிறது, உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கிறது. குழந்தைகளுக்கு ஒரு துளியும் கொடுக்காதீர்கள்.

தவறு: நிறத்தையும் மணத்தையும் கொண்டு கலப்படத்தைக் கண்டறியலாம்.
உண்மை: பொன்னிறத்தைக் காரமெல் சேர்த்தும் பெறலாம். மெத்தனால் கலந்திருப்பதை மணமோ சுவையோ காட்டாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அறிகுறிகள் வெளிப்பட ஒரு நாள் வரை ஆகலாம். மது அருந்தியபின் பார்வை மங்கல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். முறிவாக மேலும் மது கொடுக்காதீர்கள். முறிவு மருந்தை மருத்துவமனையில் மட்டுமே அளவறிந்து கொடுக்க இயலும்.

கவனத்திற்கு

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. நாள்தோறும் மது அருந்துபவர் அதனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். ஆகவே, மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது. மருத்துவரிடம் அருந்தும் அளவை மறைக்காமல் கூறுங்கள். உங்களுக்குரிய மருந்தையும் அதன் அளவையும் முடிவுசெய்ய அத்தகவல் இன்றியமையாதது.