ஆறு பணியும், அணு பணியாது

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், அகன்று வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி, இடையே திருவரங்கத் தீவு. வருகின்ற ஆறு ஒன்றும் செல்கின்ற ஆறுகள் இரண்டும் மூன்று கொம்புகளாய்த் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தாழ்வை நாடுவது நீரின் இயல்பு. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுநீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் இறங்கிக் கடலில் கலந்தது. தஞ்சைக்குச் செல்லும் நீர் குறைந்தது. இதனைத் தடுக்கவே 1830-களில் ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டினார். ஆறு மனிதனுக்குப் பணிந்தது.

தாழ்வை நாடும் இயல்பு ஆற்றுக்கு மட்டும் உரியதன்று. பொருள்கள் அனைத்திற்கும் அடிப்படையான அணுவின் உள்ளேயும் அது உண்டு. அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கின்றது. ஓர் அணுவை முக்கொம்பு முதல் திருச்சி வரை விரிந்த பரப்பாகக் கற்பனை செய்தால், அதன் கரு ஒரு முழமோ இரு முழமோதான் இருக்கும். ஆயினும் அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் அடங்கியுள்ளது. அங்கே நேர்மின் கொண்ட புரோட்டான்களும் மின்னேற்றம் இல்லாத நியூட்ரான்களும் நெருங்கி வாழ்கின்றன. புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயற்படும் வலிய விசை ஒன்று அவற்றைக் கட்டி வைத்திருக்கின்றது. கரு மிகவும் பெரிதாகும்போதும், இருவகைத் துகள்களின் விகிதம் பொருந்தாதபோதும், இந்தக் கட்டு தளர்கின்றது. அப்போது கரு தன்னிடமிருந்து எதையேனும் வெளியேற்றிக் குறைந்த ஆற்றல் நிலைக்கு இறங்குகின்றது. இதுவே கதிரியக்கம்.

இதனை உலகம் அறிந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்குச் சற்று மேலாகின்றது. 1896-இல் பாரிசில் ஹென்றி பெக்கரல், கறுப்புத் தாளில் சுற்றி இருளில் வைத்திருந்த புகைப்படத் தகட்டை யுரேனிய உப்பு தானாகவே கருக்கியிருந்ததைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியரும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தனர். 1899-இல் எர்னஸ்ட் ரதர்போர்டு இக்கதிர்களை ஆல்ஃபா, பீட்டா என இரண்டாகப் பகுத்தார்; மறு ஆண்டில் பால் வில்லார்டு மூன்றாவதான காமாக் கதிரைக் கண்டார். காந்தத்தின் முன்னே ஆல்ஃபா ஒருபுறமும் பீட்டா மறுபுறமும் வளைய, காமா நேரே செல்கின்றது. இதுவும் ஒரு முக்கொம்பே! ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கட்டு. அதனை ஒரு தாளே தடுத்துவிடும். பீட்டா என்பது, நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது பிறந்து ஓடும் எலெக்ட்ரான். அதற்கு அலுமினியத் தகடு போதும். ஒளியின் இனத்தைச் சேர்ந்த காமாவை அடக்க ஈயமோ கனத்த காங்கிரீட் சுவரோ வேண்டும். இத்தனைக்கும் பிறப்பிடமான அணுக்கரு உண்டு என்பதே 1911-இல்தான் ரதர்போர்டால் தெளிவாயிற்று. நியூட்ரானை 1932-இல் சாட்விக் கண்டார்.

இவற்றினும் வியப்பானது அரை ஆயுள். 1900-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில், தோரியத்திலிருந்து வெளிவரும் வாயுவை ரதர்போர்டு ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் அப்பாதியின் பாதியாயிற்று. குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் கோடானுகோடி அணுக்களில் பாதி எப்போது சிதைந்திருக்கும் என்று துல்லியமாகச் சொல்லலாம். தைராய்டு நோய்க்கு மருந்தாகும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகின்றது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவும் கோபால்ட்-60 சற்றேறக்குறைய ஐந்தேகால் ஆண்டில் பாதியாகின்றது. தோரியத்துக்கோ 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். பூமியின் வயதே 450 கோடி ஆண்டுகள்தான்.

அந்தத் தோரியம் நமக்கு அயலானதன்று. குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் அது கலந்திருக்கின்றது. 1909-இல் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு இதனை அறிந்தார். அந்நாளில் அதனைத் தேடியவர்கள் குண்டுக்காகத் தேடவில்லை, விளக்குக்காகத் தேடினார்கள். ஒரு காலத்தில் நம் ஆலயத் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கினுள் வெண்ணிறமாய் ஒளிர்ந்த அந்த வலைப்பைக்குத் தோரிய ஆக்சைடே ஒளி தந்தது.

இந்த அறிவு வகுப்பறையில் புகுந்த வரலாறும் திருச்சிக்கு உண்டு. இயேசு சபையார் நடத்தும் தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்றார் இராமேசுவரத்து மாணவர் அப்துல் கலாம். பேராசிரியர்கள் சின்னத்துரையும் கிருஷ்ணமூர்த்தியும் தமக்கு அரை ஆயுளையும் கதிரியக்கச் சிதைவையும் கற்பித்ததை அவர் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். அம்மாணவரே 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரானார். 2002-இல் குடியரசுத் தலைவரானார். கரும்பலகையில் எழுதப்படும் பாடம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1938-இல் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் செய்த சோதனையிலிருந்து, நியூட்ரானைக் கொண்டு யுரேனியக் கருவைப் பிளக்கலாம் என்று மனிதன் அறிந்தான். ஏழே ஆண்டுகளில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. அதே பிளவின் வெப்பம் 1983 முதல் கல்பாக்கத்தில் மின்சாரமாயிற்று. கொல்வதும் விளக்கேற்றுவதும் ஒரே ஆற்றல்தான். ஆனால் பிளவு விட்டுச்செல்லும் எச்சம், அதனை உண்டாக்கியவன் நோக்கம் யாதென்று கேட்பதில்லை. சீசியம்-137 முப்பது ஆண்டுகளில் பாதியாகும்; ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் செல்லும். புளுட்டோனியம்-239 பாதியாவதற்கே 24,100 ஆண்டுகள் ஆகும். வெப்பமூட்டினாலும் குளிர்வித்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் இவை தம் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை. எச்சத்தைக் கண்ணாடியோடு உருக்கி உறைய வைக்கலாம். உறுதியான கலத்தில் அடைக்கலாம். காவல் காக்கத்தான் நம்மால் முடியும், விரைவுபடுத்த முடியாது.

மனிதனின் காவல் எத்தனை காலம் நிற்கும்? இதற்கு முக்கொம்பே ஒரு விடை வைத்திருக்கின்றது. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, பெருக்கெடுத்த வெள்ளத்தில் மேலணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் சில இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. நன்றாகக் கட்டப்பட்டு, நூற்றெண்பது ஆண்டுகள் உழைத்த அணை அது. அதற்கு மாற்றாகப் புதிய கதவணை எழுந்தது. ஆற்றில் ஒரு தலைமுறை கட்டியது இடிந்தால் மறு தலைமுறை கட்டிக்கொள்ளலாம். சீசியம் கேட்கும் காவலோ அந்த அணையின் ஆயுளையும் கடந்தது. புளுட்டோனியம் கேட்பது, இரண்டாயிரம் ஆண்டுகள் கண்ட கல்லணையின் வயதைப்போல் பன்னிரு மடங்கு.

ஆதலால் அணுவாற்றல் வேண்டுமா, வேண்டாமா என்னும் வழக்கில் நாம் எப்பக்கம் நின்றாலும், ஒன்றை மறத்தல் ஆகாது. இன்று நாம் பெறும் வெளிச்சத்தின் விலையில் ஒரு பகுதியை இன்னும் பிறவாதவர்கள் செலுத்தப்போகிறார்கள். அவர்களிடம் நாம் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. முன்னோர் கட்டிய அணையின் நீரைப் பருகி வாழும் நாம், பின்னோர்க்கு எதனை விட்டுச்செல்கின்றோம் என்று கணக்குப் பார்ப்பது, அறிவியலாரின் கடமை மட்டுமன்று. நம் அனைவரின் மனச்சான்றுக்கும் உரிய கடமையாகும்.