பணியிடப் பின்னூட்டம்: பாடி, அம்பத்தூர் ஆலைகளின் மரபு

பணியிடப் பின்னூட்டம் என்பது, ஒருவர் செய்த வேலையின் நிறைகுறைகளை அவ்வேலையோடு தொடர்புடைய இன்னொருவர் அவரிடமே எடுத்துச் சொல்லி, அடுத்த முறை அது செம்மையாக நடக்க வழிசெய்வதாகும். மேலதிகாரி தமக்குக் கீழே பணிபுரிவோரிடம் சொல்வது மட்டுமே பின்னூட்டம் என்று பரவலாகக் கருதப்பட்டாலும், சக ஊழியர்கள் தமக்குள் சொல்லிக்கொள்வதும், தொழிலாளி மேலாளரிடம் சொல்வதும் இதில் அடங்கும். உற்பத்தித் தொழிலைப் பொறுத்தவரை பின்னைய இரண்டுமே கூடுதல் பயன் தருவன. ஏனெனில், கோளாறு முதலில் கண்ணில் படுவது இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும், அவருக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவருக்கும்தான். தமிழ்நாட்டில் இதை அன்றாட நடைமுறையாக வளர்த்தெடுத்த இடங்களுள் சென்னையின் மேற்குப் புறநகரான பாடியும் அதையொட்டிய அம்பத்தூரும் முதன்மையானவை.

பின்னூட்டத்தையும் ஒழுங்கு நடவடிக்கையையும் பிரித்தறிவது இன்றியமையாதது. ஆலைகளில் ‘மெமோ’ என்று வழங்கும் விளக்கம் கோரும் கடிதம், ஆலையின் நிலையாணை விதிகளின்படி, தவறான நடத்தைக்காகத் தரப்படுவது. அதற்குத் தொழிலாளி எழுத்தில் பதில் தர வேண்டும், பதில் ஏற்கப்படாவிட்டால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை என்று அது நீளும். பின்னூட்டத்துக்கு இத்தகைய பின்விளைவு ஏதும் இருக்கக் கூடாது. சொன்ன குறை நாளை மெமோவாக வந்து நிற்கும் என்ற அச்சம் இருக்குமிடத்தில், கெட்டுப்போன உருப்படியை நல்லவற்றுக்கு அடியில் மறைத்து அனுப்பிவிடும் பழக்கம் தானாகவே வளரும். வாகன உறுப்புகளில், அதிலும் பிரேக் உறுப்புகளில், இந்த மறைப்பின் விலையைக் கொடுப்பவர் அந்த ஆலையை ஒருபோதும் பார்த்திராத சாலைப் பயணி.

பாடியின் தொழில் வரலாறு 1960களில் உருக்கொண்டது. டி.வி.எஸ். குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்தும் தனித்தும் தொடங்கிய வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆகியவை அந்தப் பத்தாண்டில் இங்கு அடுத்தடுத்து எழுந்தன. சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், போல்ட் என்று ஒரு லாரிக்கு வேண்டிய உறுப்புகளில் பலவும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தயாராயின. அதே காலத்தில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் இப்பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து தந்தன. பேருந்து நிறுத்தங்களே லூகாஸ், டி.வி.எஸ். என்று ஆலைப் பெயர்களால் அழைக்கப்படும் அளவுக்கு ஊரும் தொழிலும் ஒன்றாயின.

இவற்றுள் 1962இல் இங்கிலாந்தின் கிளேட்டன் டெவாண்டர் நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன், லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய காற்றழுத்த பிரேக் உறுப்புகளைச் செய்தது. வேணு சீனிவாசன் தலைமையில், ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடா உள்ளிட்டோரின் வழிகாட்டுதலோடு, முழுமைத் தர மேலாண்மை எனப்படும் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. தரம் என்பது இறுதியில் சோதிப்பவரின் பொறுப்பு அன்று, வாயிற்காவலர் முதல் நிர்வாக இயக்குநர் வரை ஒவ்வொருவரின் வேலையிலும் அடங்கியது என்பதே அம்முறையின் அடிப்படை. அந்நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனமொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அம்பத்தூரில் ஆலை கொண்ட ரானே பிரேக் லைனிங் 2003இலும், லூகாஸ் டி.வி.எஸ். 2004இலும் அதே பரிசை வென்றன. ஒரே புறநகர்ப் பகுதி சில ஆண்டு இடைவெளியில் இத்தனை முறை இப்பரிசைப் பெற்றதற்கு இயந்திரங்கள் மட்டும் காரணமாகா. தொழிலாளர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பேசப் பழகியதும் முக்கியக் காரணம்.

அப்பழக்கத்துக்கு வடிவம் தந்தது தர வட்டம். ஒரே பிரிவில் பணிபுரியும் ஆறு முதல் பத்துப் பேர் வரை தாமாக முன்வந்து சேர்ந்து, பெரும்பாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடி, தம் பணியிடத்துச் சிக்கல் ஒன்றைத் தாமே தேர்ந்து, காரணம் கண்டு, தீர்வை நிர்வாகத்தின் முன் விளக்கும் சிறு குழு இது. 1962இல் ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் தொடங்கிய இவ்வியக்கம், 1980இல் ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரத்தில் உள்ள பாரத மிகுமின் நிறுவன (பெல்) ஆலையின் வழியே இந்தியாவுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் இந்தியத் தர வட்ட மன்றமும் அமைந்தது. இஷிகாவா வகுத்த மீன்முள் வரைபடம் இக்கூட்டங்களின் முதன்மைக் கருவி. கோளாற்றைத் தலைப்பகுதியில் எழுதி, ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை என்ற தலைப்புகளில் காரணங்களை முள்முள்ளாகப் பிரித்து எழுதுவது அதன் முறை. ஆள் என்பது அதில் பல முட்களுள் ஒன்று மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. குற்றம் சாட்டும் பேச்சு அந்தத் தாளின் முன் அமர்ந்த உடனேயே தன் கூர்மையை இழந்துவிடுகிறது. அடுத்த நிலையத்தில் இருப்பவரே உன் வாடிக்கையாளர் என்ற இஷிகாவாவின் கருத்து இன்னொரு திறப்பு: சக ஊழியர் சொல்லும் குறை வாடிக்கையாளரின் குரலாகிவிடுவதால், ‘இதைச் சொல்ல நீ யார்’ என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை.

வாகன உறுப்பு ஆலைகளில் நடைபெறும் ‘ரெட் பின்’ கூட்டத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். கழிக்கப்பட்ட உருப்படிகளைப் போடும் சிவப்பு நிறத் தொட்டியைச் சுற்றி, ஷிஃப்டின் குறித்த நேரத்தில் இயந்திரத்தை இயக்குவோரும் ஆய்வாளரும் சூப்பர்வைசரும் நின்றுகொண்டே பேசும் கூட்டம் இது. உருப்படிகள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட்டு, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, வால்வு உடலில் போட்ட துளையின் ஓரத்தில் பிசிறு நிற்கிறது என்று கொள்ளலாம். “உன் வேலையே சரியில்ல, கவனம் எங்க இருக்கு?” என்று ஆய்வாளர் கேட்டால் கூட்டம் அத்தோடு முடிந்தது, எதிரே நிற்பவர் தலையைக் குனிந்துகொள்வார் அல்லது சண்டைக்கு நிற்பார், பிசிறு நின்ற காரணம் வெளிவராது. “அண்ணே, இந்த ஓரத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்க. ஒன்பது மணிக்கு டூல் மாத்துனதுக்கு அப்புறம் வந்ததுலதான் இது இருக்கு. அங்க சீல் ஏத்தும்போது கிழியுது” என்று அவரே சொன்னால், எங்கே, எப்போது, அதனால் என்ன ஆயிற்று என்ற மூன்றும் வந்துவிடுகின்றன. ரப்பர் சீல் கிழிந்தால் காற்று கசியும், காற்று கசிந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதை அங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதிய டூலின் முனை சரியாகத் தீட்டப்படவில்லை என்பதோ, டூலை மாற்ற வேண்டிய எண்ணிக்கை அட்டையில் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்பதோ அடுத்த சில நிமிடங்களில் வெளிவரக்கூடும். உருப்படி கையில் இருப்பதால் பேச்சு அதை விட்டு ஆளின் மேல் தாவுவதில்லை. பின்னூட்டக் கலையின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

உளவியல் ஆய்வும் இதையே காட்டுகிறது. ஆவ்ரகாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி ஆகிய இருவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்தினாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில் அதைக் குறைத்தது. கேட்பவரின் கவனம் செய்த வேலையை விட்டு, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற எண்ணத்தின் பக்கம் திரும்பும்போது பயன் குன்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மிகையான பாராட்டும் கவனத்தை அப்படித் திருப்பக்கூடியதே என்பதால், முதலில் புகழ்ந்து நடுவில் குறையைச் செருகி மீண்டும் புகழ்ந்து முடிக்கும் பரவலான உத்தியைச் சிறந்த வழியாகக் கொள்வதற்கில்லை.

டெமிங் பரிசுக்குப் பெயர் தந்த அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், தம் 14 கொள்கைகளுள் அச்சத்தை விரட்டுவதை வற்புறுத்தியதோடு, ஆண்டு மதிப்பீட்டு முறையைக் கைவிடவும் சொன்னார். கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை அமைப்பிலிருந்து வருபவை, தனியாளிடமிருந்து அல்ல என்பது அவர் கொண்ட முடிவு. இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் அவருடைய பிற கருத்துகளை ஏற்ற அளவுக்கு மதிப்பீட்டைக் கைவிடும் யோசனையை ஏற்கவில்லை; ‘அப்ரைசல்’ எனப்படும் ஆண்டு மதிப்பீடு ஆலைகளின் அலுவலர் நிலையிலும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் பின்னாளில் வந்த தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களிலும் நிலைத்துவிட்டது. பத்து மாதங்களுக்கு முன் நடந்த பிழையை ஊதிய உயர்வு முடிவாகும் நாளில் கேட்பவர் அதிலிருந்து கற்றுக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. அதே அலுவலகங்களில் நடக்கும் ‘கோட் ரிவ்யூ’, அதாவது ஒருவர் எழுதிய நிரலை வெளியிடும் முன் சக ஊழியர் வரிவரியாகப் பார்த்துக் குறிப்பெழுதும் நடைமுறை, சிவப்புத் தொட்டிக் கூட்டத்துக்கு மிக நெருங்கியது.

வயதும் பதவியும் முரண்படுமிடத்தில் தமிழ்ப் பணியிடங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. பட்டயப் படிப்பு முடித்து வந்த இளம் சூப்பர்வைசர், இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளியிடம் குறை சொல்ல வேண்டியிருக்கும். ‘அண்ணே’ என்ற விளி அங்கு வெறும் மரியாதையாக நிற்காமல், அதிகாரத்தின் பேரில் பேசவில்லை என்ற உறுதியையும் தருகிறது. எதிர்த்திசையில், மூத்தவரின் தவறை இளையவர் பலர் முன்னிலையில் சுட்டுவது அவமதிப்பாகவே கொள்ளப்படுவதால், தேநீர் இடைவேளையில் தனியே சொல்லும் வழக்கம் நிலவுகிறது. மேலாளரிடம் சொல்வதற்கோ ஆலோசனைத் திட்டம் என்ற எழுத்துவழி உள்ளது: தொழிலாளி தாளில் எழுதித் தரும் யோசனை ஏற்கப்பட்டால் பரிசு உண்டு. ஏற்கப்படாதபோது அதற்கான காரணத்தை உரியவரிடம் சொல்வதில்தான் இத்திட்டத்தின் உயிர் இருக்கிறது. பதில் வராத தாள்களுக்குப் பிறகு எவரும் எழுதுவதில்லை.

இம்மரபு நிரந்தரத் தொழிலாளரை மனத்தில் வைத்து உருவானது. ஒப்பந்தத் தொழிலாளரும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் பெருகியுள்ள இன்றைய நிலையில், தமிழ் தெரியாதவருக்கு ஏற்கத்தக்க உருப்படியையும் கழிக்கத்தக்க உருப்படியையும் அருகருகே பலகையில் பொருத்திக் காட்டும் வழியால் மொழித் தடை ஓரளவு நீங்குகிறது. வேலை உறுதியின்மை அப்படி நீங்குவதில்லை. குறை ஒப்பந்ததாரரிடம் சொல்லப்பட்டு, மறுநாள் அந்த இடத்தில் வேறோர் ஆள் வந்து நிற்கும் ஆலைகளில், தொட்டியைச் சுற்றிக் கூடுவோருள் அந்த உருப்படியைச் செய்தவர் இருப்பதில்லை. டூலைப் பற்றியோ அட்டையைப் பற்றியோ அவர் ஒருவரே சொல்லியிருக்கக்கூடிய காரணமும் அவரோடு வாயிலைக் கடந்து போய்விடுகிறது.