நரம்பணுவின் கணிதமும் நோயாளியின் ஏடும்

மூளை எத்தகையது என்று மானிடன் கேட்டபோதெல்லாம், தன் காலத்தின் தலைசிறந்த பொறியையே விடையாகச் சுட்டி வந்திருக்கிறான். 17ஆம் நூற்றாண்டில் ரெனே டெக்கார்ட், பிரெஞ்சு அரசரின் தோட்டங்களில் நீரின் விசையால் அசைந்த பதுமைகளை எடுத்துக்காட்டி, நரம்புகளும் அவற்றின் குழாய்களைப் போன்றவையே என எழுதினார். தொலைபேசி வந்தபின் மூளை தொலைபேசி நிலையமாயிற்று. இயற்கை இறையியலுக்கெனவே நிறுவப்பட்ட கிஃபோர்டு விரிவுரைகளை ஆற்றிய சார்லஸ் ஷெரிங்டன், 1940இல் வெளியான தம் நூலில் மூளையை ஒரு மாயத் தறிக்கு ஒப்பிட்டார். நம் தலைமுறையில் அவ்விடத்தில் கணிப்பொறி வீற்றிருக்கிறது. ஆயினும் இவ்வுவமை ஏனையவற்றைப் போன்றதன்று. குழாயும் தறியும் மூளையைப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. கணிப்பொறியின் வரலாற்றிலோ நரம்பணுவும் பொறியும் தொடக்கமுதலே ஒன்றற்கொன்று கடன் கொடுத்தும் வாங்கியும் வந்துள்ளன. அக்கடன்களின் கணக்கை ஓரளவு புரட்டிப் பார்த்தாலன்றி, இன்று மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்ட ‘கற்கும் பொறி’ எதைக் காண்கிறது, எதைக் காணாமற் போகிறது என்பதை நாம் அறிய இயலாது.

வரலாறு ஒரு குவேக்கர் கல்லூரியில் தொடங்குகிறது எனலாம். 1917இல் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் சேர்ந்த வாரன் மக்கல்லக் என்னும் இளைஞரை, அங்குத் தத்துவம் கற்பித்த குவேக்கர் அறிஞர் ரூஃபஸ் ஜோன்ஸ் அழைத்து, என்ன ஆகப் போகிறாய், என்ன செய்யப் போகிறாய் என வினவினார். அது தமக்குத் தெரியவில்லை என்றும், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடைகாண விரும்புவதாகவும் மாணவர் கூறினார். மனிதன் அறியக்கூடிய எண் என்பது யாது? எண்ணை அறியக்கூடிய மனிதன் என்பவன் யார்? இவ்விரு பகுதிகளும் சேர்ந்ததே அக்கேள்வி. வாழ்நாள் முழுவதும் உனக்கு வேலை இருக்கும் என்ற பொருள்பட ஆசிரியர் புன்னகையோடு மறுமொழி அளித்தாராம். மக்கல்லக் தாமே பிற்காலத்தில் இதனை எழுதிவைத்தார். கேள்வியின் இரண்டாம் பகுதி முதற்பகுதியைக் காட்டிலும் கடினமானது என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

மருத்துவராகவும் நரம்பியல் ஆய்வாளராகவும் சிகாகோவில் பணிபுரிந்த மக்கல்லக், 1940களின் தொடக்கத்தில் வால்டர் பிட்ஸ் என்பவரைச் சந்தித்தார். 1923இல் டெட்ராய்ட்டில் பிறந்து, முறையான பட்டம் எதுவுமின்றித் தாமே தருக்கவியல் கற்றவர் அவர். வீடின்றித் திரிந்த அவ்விளைஞருக்கு மக்கல்லக் தம் இல்லத்தில் இடமளித்தார். இருவரும் இணைந்து 1943இல் வெளியிட்ட கட்டுரை இன்றுவரை இத்துறையின் மூலக்கல்லாக மதிக்கப்படுகிறது. அதன் கருத்து எளிது. நரம்பணு ஒன்று துடிக்கும், அல்லது துடிக்காது. அரைகுறைத் துடிப்பு என்பதில்லை. அதனிடம் வந்து சேரும் தூண்டுதல்கள் குறித்த ஓர் அளவைத் தாண்டினால் அது துடிக்கும். அங்ஙனமாயின் ஒவ்வொரு துடிப்பையும் ‘ஆம்’ அல்லது ‘அன்று’ என்னும் கூற்றாகக் கொள்ளலாம். நரம்பணுக்களின் வலையை ஒரு தருக்க வாய்பாடாக எழுதிவிடலாம். இரண்டாண்டுகளுக்குப் பின், 1945இல், ஜான் வான் நாய்மன் புதுவகைக் கணிப்பொறியின் அமைப்பை விளக்கி அறிக்கை எழுதியபோது, அவர் மேற்கோளாகச் சுட்டிய வெளியீடு இஃதொன்றே. மூளைக்கென எழுதப்பட்ட கணிதம் பொறிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அக்கணிதம் மூளைக்கு உண்மையாயிருந்ததா? இவ்விடத்தில் வரலாறு நமக்கு ஒரு வியத்தகு நிகழ்ச்சியை வைத்திருக்கிறது. 1959இல் லெட்வின், மட்டுரானா என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து அதே மக்கல்லக்கும் பிட்ஸும் தவளையின் கண்ணை ஆராய்ந்தனர். கண் உலகைப் புள்ளி புள்ளியாகப் படம்பிடித்து மூளைக்கு அனுப்பும். தருக்கமனைத்தும் மூளையில் நிகழும் என்பதே எதிர்பார்ப்பு. கண்டதோ வேறு. சிறிய, கரிய, அசையும் பொருளொன்று, ஈயைப் போன்றது, முன்வந்தால் மட்டும் எழுச்சியுறும் நரம்பிழைகள் தவளையின் கண்ணிலிருந்தே புறப்பட்டன. கண்ணே தேர்ந்தெடுத்து, கண்ணே பொருள்கொண்டு, அதன்பின்னரே மூளைக்குச் சொல்லியது. தூய தருக்கத்தால் மூளையை விளக்கிவிடலாம் என நம்பிய பிட்ஸை இக்கண்டுபிடிப்பு உலுக்கியதாக நண்பர் லெட்வின் நினைவுகூர்ந்துள்ளார். தம் மாதிரிக்கு எதிரான சான்றின்மேல் தம் பெயரையும் இட்ட இவ்விருவரின் நேர்மையை நாம் மதிக்கிறோம். பிட்ஸ் 1969 மே மாதத்தில் தம் 46ஆம் வயதில் மறைந்தார். மக்கல்லக் அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

மாதிரி என்பது வேறொரு வழியிலும் அமையக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோர் சான்று பகர்கின்றனர். அவர்கள் மூளை முழுவதையும் வாய்பாட்டில் அடக்க முயலவில்லை. கணவாய் மீனின் ஒரேயொரு பருத்த நரம்பிழையை எடுத்துக்கொண்டு, அதன் சவ்வினூடே சோடியமும் பொட்டாசியமும் எவ்வாறு புகுந்து வெளியேறுகின்றன என்பதைப் பொறுமையாக அளந்து, 1952இல் சமன்பாடுகளாகத் தந்தனர். கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அப்போது கிடைக்கவில்லை. ஆகவே ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்கிடும் கருவியைக்கொண்டே அக்கணக்குகளைப் போட்டு முடித்தார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. இச்சமன்பாடுகள் இன்றும் வழக்கில் உள்ளன.

பொறி கற்கவும் கூடும் என்னும் எண்ணத்தை முன்னெடுத்தவர்களுள் ஒருவர் உளவியலாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட். 1958இல் அவர் முன்வைத்த ‘பெர்செப்ட்ரான்’ விதிகளைக் கேட்டு நடப்பதன்று. எடுத்துக்காட்டுகளைக் கண்டு, பிழைக்குத் தக்கபடி தன் இணைப்புகளின் வலுவைத் திருத்திக்கொள்வது. 400 ஒளியுணரிகளைக் கண்ணாகக்கொண்ட அப்பொறி இனி நடக்கும், பேசும், தன்னையே அறியும் எனச் செய்தித்தாள்கள் அன்று எழுதின. (இத்தகைய அறிவிப்புகளின் நடை அன்றிலிருந்து பெரிதும் மாறியதாக நமக்குத் தோன்றவில்லை.) 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் அதன் குறைகளைக் கணித முறையில் நிறுவி நூல் எழுதினர், ஆர்வம் தணிந்தது. ரோசன்பிளாட் 1971இல் தம் 43ஆம் பிறந்தநாளன்று படகு விபத்தில் இறந்தார். 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர், பல அடுக்கு வலைகளில் பிழையைப் பின்னோக்கிச் செலுத்தித் திருத்தும் முறையைப் பரவச் செய்தனர். 2012இல் அத்தகைய வலையொன்று படங்களை இனங்காணும் போட்டியில் ஏனையவற்றை வெகுதொலைவு பின்தள்ளியது. 2024இல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் இயற்பியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் இவ்வலைகள் ‘நரம்பு வலை’ என்னும் பெயரைத் தாங்கி நின்றனவேயன்றி, மூளையினின்று நெடுந்தூரம் விலகிவிட்டன. பெயரால் மயங்கி, மூளையைப் போலவே இவையும் அறிகின்றன என்று முடிவுகட்டுவது தவறு.

மருத்துவத்துக்குள் இப்பொறி நுழைந்த வாயிலை இனிக் காண்போம். 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கிய ‘மைசின்’ கற்கும் பொறியன்று. இரத்தத்திலும் மூளைச்சவ்விலும் உண்டாகும் தொற்றுகளுக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்துரைக்க, மருத்துவர்கள் கூறிய விதிகளை நூற்றுக்கணக்கில் அதனுள் எழுதிவைத்தனர். ஏன் இம்மருந்து எனக் கேட்டால் அது தன் விதியைக் காட்டும். 1979இல் வெளியான மதிப்பீடு ஒன்றில், மூளைச்சவ்வு அழற்சி நோயாளிகள் 10 பேரைக் குறித்து அது தந்த பரிந்துரைகளில் 65 விழுக்காடு வல்லுநர்களால் ஏற்கப்பட்டன. அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரிய மருத்துவர்கள் பெற்றதோ 42.5 முதல் 62.5 விழுக்காடு வரையே. எனினும் மைசின் நோயாளிகளுக்கு வழக்கமாகப் பயன்படுத்தப்படவேயில்லை.

விதிகளை எழுதும் முறை போய், ஏடுகளிலிருந்து பொறி தானே கற்கும் முறை வந்தபோது என்ன நேர்ந்தது? இதற்கு 1990களில் அமெரிக்காவில் நிகழ்ந்த நிமோனியா ஆய்வைவிடத் தெளிவான விடை நமக்குக் கிடைக்கவில்லை. நிமோனியாவோடு வரும் நோயாளிகளுள் யாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், யாரை மருந்தோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்பது கேள்வி. 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஏடுகள் பல்வேறு கற்கும் முறைகளுக்குக் கொடுக்கப்பட்டன. இறப்பு அபாயத்தை மிகத் துல்லியமாக முன்னுரைத்தது ரிச் கருவானா பயிற்றுவித்த நரம்பு வலையே. ஆனால் அதே ஏடுகளைப் படித்த வேறொரு முறை, தான் கற்றதை மனிதர் படிக்கத்தக்க விதிகளாக எழுதித் தந்தது. அவற்றுள் ஒன்று மருத்துவர்களைத் திடுக்கிடச் செய்தது. ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியாவால் இறக்கும் அபாயம் குறைவு என்பதே அவ்விதி.

ஏற்கெனவே மூச்சுத் திணறுபவருக்கு நுரையீரல் அழற்சியும் சேர்ந்தால் அபாயம் மிகும் என்பதை மருத்துவம் கல்லாதவரும் அறிவர். ஆயினும் ஏடுகள் பொய்யுரைக்கவில்லை. ஆஸ்துமா நோயாளிகள் உண்மையிலேயே குறைவாக இறந்திருந்தனர். காரணம் என்னவெனில், அவர்கள் வந்த உடனே, அபாயத்தை உணர்ந்த மருத்துவர்கள் அவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து இரவு பகலாகக் காத்தனர். அக்காவலே அவர்களைப் பிழைப்பித்தது. பொறி பிழைத்தவர்களைக் கண்டது. பிழைப்பித்த கைகளைக் காணவில்லை. அதன் சொற்படி நடந்திருந்தால் ஆஸ்துமா நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பர். அவர்களுக்கு அபாயத்தைக் குறைத்த பராமரிப்பே, அவர்களுக்குப் பராமரிப்புத் தேவையில்லை என்பதற்குச் சான்றாக மாறியிருக்கும்.

துல்லியத்தில் முதலிடம் பெற்ற அவ்வலையை நோயாளிகளிடம் பயன்படுத்துவதில்லை என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். ஆஸ்துமாவைப் பற்றிய அவ்வொரு பிழையைக் களைந்துவிடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். இப்பிழை கண்ணுக்குப் பட்டது வேறொரு முறை அதனை எழுத்தில் காட்டியதால் மட்டுமே. வலையினுள் இதைப்போன்ற வேறெவை மறைந்துள்ளன என்பதை அறிய வழியில்லை. கருவானாவும் உடனுழைத்தோரும் 2015இல், துல்லியம் குறையாமலே தன் காரணங்களைத் திறந்து காட்டும் மாதிரி ஒன்றை அதே நோயாளி ஏடுகளைக்கொண்டு விளக்கினர். முன்னுரைப்பில் சிறந்து விளங்கும் கருவி ஒன்றை, அது சிறந்தது என அறிந்தே ஒதுக்கி வைத்த இம்முடிவு இவ்வரலாற்றில் நாம் காணும் முதிர்ந்த செயல்களுள் ஒன்று என்பது எமது கருத்து.

ஏட்டில் எழுதப்பட்டது வேறு, மனிதன் பட்டது வேறு என்பதற்கு மற்றொரு சான்று 2019 அக்டோபரில் வெளியாயிற்று. அமெரிக்க மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்திய கணக்கு முறை ஒன்று, கூடுதல் கவனிப்பு யாருக்கு வேண்டும் எனத் தரவரிசைப்படுத்தியது. நோயின் அளவை நேரே அளக்க முடியாமல், சிகிச்சைக்கு ஆகக்கூடிய செலவையே அது முன்னுரைத்தது. கறுப்பின மக்கள் அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்களுக்காகச் செலவிடப்பட்ட பணம் குறைவு. எனவே அவர்கள் பொறியின் கண்ணுக்கு நலமுள்ளோராகத் தோன்றினர். இந்த ஏற்றத்தாழ்வு திருத்தப்பட்டால், கூடுதல் கவனிப்புக்குத் தெரிவாகும் நோயாளிகளில் கறுப்பினத்தார் 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயர்வர் என ஒபர்மேயரும் உடனாய்வாளரும் கணக்கிட்டனர். இனத்தின் பெயரே அக்கணக்கில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. புறக்கணிக்கப்பட்டவனின் புறக்கணிப்பே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று.

இவ்வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடமுண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னையின் சங்கர நேத்ராலயாவும், நீரிழிவால் விழித்திரையில் நேரும் கேட்டைக் கண்டறியும் வலைக்குப் படங்கள் வழங்கின. கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக்கொண்டு அதனைப் பயிற்றினர். 2016இல் முடிவுகள் வெளியாயின. கண்மருத்துவரின் மதிப்பீட்டுக்கு நிகராக அது கண்டறிந்தது. பார்வை இழக்குமுன் நோயை அறியாத எளியோர் நிறைந்த நாட்டில் இது அற்பக் காரியமன்று. ஆயினும் அதே முறை தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களுக்குச் சென்றபோது, செவிலியர் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தெளிவில்லாதவை என்று பொறி ஏற்க மறுத்துவிட்டது. சில இடங்களில் அறையை இருட்டாக்க வழியில்லை. இணையத் தொடர்போ மந்தமாக இருந்தது. படம் ஏற்கப்படாதவர் வேறொரு நாள் தொலைவிலுள்ள நிபுணரிடம் செல்ல வேண்டியதாயிற்று. அப்பயணத்தின் பாரத்தை எண்ணிய செவிலியர் சிலர், இவ்வாய்வில் சேர வேண்டாமென நோயாளிகளுக்குத் தாமே சொல்லிவிட்டனர். 2020இல் இவற்றை மறைக்காது எழுதியவர்களும் கூகுளைச் சார்ந்த ஆய்வாளர்களே.

இதுகாறும் கூறியவற்றால், மூளையாய்வும் பொறியும் நோயாளியின் அருகே ஒன்றுகூடும் இடங்களில் ஏமாற்றமே மிஞ்சும் என வாசகர் எண்ணிவிடலாகாது. மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் 15 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச்சிழந்திருந்த ஒருவரைக் குறித்து, 2021இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவர் எட்வர்டு சாங்கின் குழுவினர் எழுதினர். அவருடைய மூளையின் மேற்பரப்பில், பேச்சுறுப்புகளை இயக்கும் பகுதியின்மீது, மின்முனைகள் பதிக்கப்பட்டன. அவர் பேச முயலும்போது எழும் மின்னசைவுகளைக் கற்கும் பொறி படித்து, 50 சொற்கள் அடங்கிய சிறு அகராதியிலிருந்து சொல்லைத் தேர்ந்து திரையில் எழுதிற்று. எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கிய சகரியாவை இவ்விடத்தில் நாம் நினையாதிருக்க இயலவில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 சொற்கள். நான்கில் ஒரு சொல் பிழை. பிழையைக் குறைக்க, முன்வந்த சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்னும் மொழிக் கணக்கொன்றும் உடன்சேர்க்கப்பட்டது. அதாவது, திரையில் எழுந்த வாக்கியத்தில் அம்மனிதர் எண்ணியதும் உண்டு. பிறர் வழக்கமாகச் சொல்லுவதைக்கொண்டு பொறி ஊகித்ததும் உண்டு. அவ்வாய்வின்போது ஒருநாள் அவரிடம், தண்ணீர் வேண்டுமா எனத் திரையில் கேட்டனர். வேண்டாம், தமக்குத் தாகமில்லை என்று அவர் விடையளித்தார்.