சூசே, கொன்ராட்

கொன்ராட் சூசே (22 ஜூன் 1910 – 18 டிசம்பர் 1995) ஜெர்மானியக் கட்டுமானப் பொறியாளர், கணினி வடிவமைப்பாளர். நிரலைப் படித்துத் தானே இயங்கிய இரும எண் கணினியான இசட்3ஐ 1941இல் பெர்லினில் இயக்கிக் காட்டினார். அவரது தொடக்ககால இயந்திரங்களும் வரைபடங்களில் பெரும்பகுதியும் போரில் அழிந்தன. எனவே 1945க்கு முந்தைய வரலாறு பெரிதும் அவர் 1970இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் எஞ்சிய காப்புரிமை விண்ணப்பங்களையும் சார்ந்தே எழுதப்படுகிறது.

இளமை

பெர்லினின் வில்மர்ஸ்டோர்ஃப் பகுதியில், அஞ்சல்துறை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கிழக்குப் பிரஷ்யாவின் பிரவுன்ஸ்பெர்க்கிலும் (இன்று போலந்தின் பிரனியேவோ) பின்னர் ஹோயர்ஸ்வெர்டாவிலும் வளர்ந்தார். பெர்லின் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் இயந்திரவியல், கட்டடக்கலை இரண்டிலும் கால் வைத்துவிட்டு, இறுதியில் கட்டுமானப் பொறியியலில் 1935இல் பட்டம் பெற்றார். ஓவியம் வாழ்நாள் முழுதும் உடன்வந்தது.

வீட்டில் கட்டிய இயந்திரம் (1936–1940)

பட்டம் பெற்றபின் பெர்லினை அடுத்த ஷோனஃபெல்டில் ஹென்ஷல் விமான நிறுவனத்தில் கட்டமைப்புக் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். ஒரே மாதிரியான நீண்ட கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடும் வேலை அது. எந்த எண் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று குறித்த அச்சுப் படிவங்களை மாணவப் பருவத்திலேயே அவர் வரைந்திருந்தார். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு எண்ணை எடுத்துச் செல்வதை மனிதர் ஏன் செய்ய வேண்டும் என்பதே அவரது தொடக்கக் கேள்வி. 1936இல் வேலையை விட்டார். கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் மெத்ஃபெஸல் தெருவிலிருந்த பெற்றோர் வீட்டின் கூடம் பட்டறையாயிற்று. பெற்றோரும் சகோதரியும் நண்பர்களும் பணம் தந்தனர். பின்னர் கணக்கிடும் கருவிகள் செய்துவந்த குர்ட் பான்கேயும் உதவினார்.

1938இல் முடிந்த இசட்1 முழுக்க இயந்திர வகை. ரம்பத்தால் அறுத்தெடுத்த மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மீது ஒன்று நகர்ந்து, ஊசிகளை இழுத்தோ விடுத்தோ, 0, 1 என்ற இரு நிலைகளைக் காட்டின. பத்தடிமான எண்களையும் பற்சக்கரங்களையும் கைவிட்டு, இரும எண்முறையையும் மிதவைப் புள்ளி முறையையும் ஏற்றதே அதன் புதுமை. சார்லஸ் பாபேஜின் பணி அப்போது தமக்குத் தெரியாது என்றும், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பதில் வழியாகவே பின்னர் அறிந்ததாகவும் சூசே குறிப்பிடுகிறார். தகடுகள் அடிக்கடி சிக்கிக்கொண்டதால் இசட்1 நம்பத்தக்கதாக அமையவில்லை.

நிரல்கள் துளையிட்ட 35 மி.மீ. திரைப்படச் சுருளிலிருந்து படிக்கப்பட்டன. படம் ஓட்டும் வேலை பார்த்திருந்த நண்பர் ஹெல்முட் ஷ்ரையரின் யோசனை இது என்பர். யாரோ நடித்து முடித்த காட்சிகளின் மேலேயே கட்டளைத் துளைகள் விழுந்தன. ரிலேக்களுக்கு (மின்காந்த நிலைமாற்றிகளுக்கு) மாற்றாக வெற்றிடக் குழல்களைப் பயன்படுத்தலாம் என்று சொன்னவரும் ஷ்ரையரே. சுமார் 2,000 குழல்கள் கொண்ட கணினிக்கான திட்டத்தை இராணுவ அதிகாரிகள் ஏற்கவில்லை. போருக்குப் பின் ஷ்ரையர் பிரேசிலில் குடியேறினார்.

1940இல் முடிந்த இசட்2, இசட்1இன் இயந்திர நினைவகத்தையும் ரிலேக்களாலான கணக்கிடும் பகுதியையும் இணைத்தது. அதைப் பார்வையிட்ட ஜெர்மன் வான்பயண ஆய்வு நிறுவனம் அடுத்த இயந்திரத்துக்கு நிதி தந்தது.

இசட்3 (1941–1943)

இசட்3, 1941 மே 12 அன்று அறிவியலாளர் சிலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட வகை ரிலேக்களால் ஆனது. மொத்த ரிலேக்கள் சுமார் 2,000 என்றும் 2,600 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. 22 இரும இலக்கங்கள் கொண்ட 64 எண்களை நினைவில் வைக்கும். நொடிக்கு ஐந்து துடிப்புக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் இயங்கும். ஒரு பெருக்கலுக்குச் சுமார் 3 நொடி. பயனர் விசைப்பலகையில் பத்தடிமான எண்களையே அழுத்துவார். விடை விளக்குகளில் ஒளிரும். வர்க்கமூலம் காணத் தனிக் கட்டளை இருந்தது. நிபந்தனைக்கேற்பக் கட்டளை வரிசையை மாற்றும் வசதி இல்லை.

போருக்கு இன்றியமையாததாக அது கருதப்படவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கும் வரவில்லை. 1943 டிசம்பரில் விமானக் குண்டுவீச்சில் அழிந்தது.

அதே ஆண்டுகளில் ஹென்ஷல் நிறுவனத்தில் எச்எஸ் 293 வழிகாட்டுக் குண்டுகளின் இறக்கைத் திருத்தங்களைக் கணக்கிட எஸ்1, எஸ்2 என்ற இரு தனிப்பயன் கணினிகளையும் சூசே அமைத்தார். அவர் நாஜிக் கட்சி உறுப்பினர் அல்லர் என்று பெரும்பாலான நூல்கள் கூறுகின்றன. ஆயினும் ஆயுத உற்பத்திக்கு அவரது பணி எந்த அளவு துணைபோயிற்று என்பதில் மதிப்பீடுகள் ஒன்றுபடவில்லை.

முதன்மை பற்றிய கருத்து வேறுபாடு

முதல் கணினி எது என்பதற்கான விடை வரையறையைப் பொறுத்தது. நிரல்வழித் தானே இயங்குவதை அளவுகோலாகக் கொள்வோர் இசட்3ஐச் சொல்வர். மின்னணு இயக்கத்தை வலியுறுத்துவோர் அட்டனசாஃப்–பெர்ரி இயந்திரம், பிரிட்டனின் கொலோசஸ், அமெரிக்காவின் எனியாக் ஆகியவற்றுள் ஒன்றைச் சுட்டுவர். இசட்3 கோட்பாட்டளவில் பொதுநோக்குக் கணினியே என்று ராவுல் ரோஜாஸ் 1998இல் நிறுவினார். அதற்கு நிரல் சுருளின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்க வேண்டும்; மாற்றுவழிகள் எல்லாவற்றையும் கணக்கிட்டு வேண்டாதவற்றைத் தள்ள வேண்டும். நடைமுறையில் யாரும் அப்படி அதைப் பயன்படுத்தவில்லை என்பது மறுதரப்பு வாதம்.

இசட்3க்காக 1941இல் அளிக்கப்பட்ட காப்புரிமை விண்ணப்பம், போர் இடைவெளியும் போட்டி நிறுவனங்களின் எதிர்ப்பும் கடந்து, 1967இல் முடிவுக்கு வந்தது. கருவியின் புதுமையை மறுக்காத ஜெர்மன் காப்புரிமை நீதிமன்றம், புத்தாக்க அளவு போதவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளியது.

இசட்4 (1942–1959)

இசட்3ஐ அடுத்த கணினியான இசட்4, 1945இன் தொடக்கத்தில் பெர்லினிலிருந்து கோட்டிங்கனுக்கும், அங்கிருந்து ஆல்ப்ஸ் அடிவாரச் சிற்றூரான ஹின்டர்ஸ்டைனுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. சோதனை மாதிரி 4 என்பதன் சுருக்கமாக அப்போது அதன் பெயர் வீ4. வீ1, வீ2 ஏவுகணைகளின் வரிசையில் அடுத்தது என்று அதிகாரிகள் எண்ணியதால் வண்டி வசதி எளிதில் கிடைத்தது என்ற கதை சூசேவின் வழியாகவே வருகிறது.

சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஸ்டீஃபல் 1949இல் நேரில் வந்து பார்த்தார். 1950 முதல் 1955 வரை அப்பல்கலைக்கழகம் இசட்4ஐ வாடகைக்கு எடுத்தது. நிபந்தனைக் கட்டளை அதன் வேண்டுகோளின்படியே சேர்க்கப்பட்டது. அணைக்கட்டு, விமான வடிவமைப்புக் கணக்குகள் அதில் போடப்பட்டன. இரவில் ஆள் துணையின்றியும் இயந்திரம் ஓடியது. சூரிக்கின் மந்தமான இரவு வாழ்க்கைக்கு அதன் ரிலேக்களின் சடசடப்பாவது சுவை சேர்த்தது என்று சூசே பகடி செய்கிறார். அதில் பணியாற்றிய ஹைன்ஸ் ருடிஸ்ஹவுசர், நிரலைக் கணினியே ஆக்கும் முறையை விரைவில் முன்மொழிந்தார். சூசேவின் வன்பொருளிலிருந்து பிற்காலக் கணினியியலுக்குச் செல்லும் நேரடிப் பாதைகளுள் இது ஒன்று. பின்னர் பிரான்சின் சென் லூயியில் இயங்கிய இசட்4, இன்று மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிளான்கால்கூல்

இது, இயந்திர வேலை தடைப்பட்ட போரின் இறுதியில் சூசே வகுத்து முடித்த நிரலாக்க மொழி. சதுரங்க ஆட்டத்தை நிரலாக்கும் எடுத்துக்காட்டுகள் அதில் உண்டு. 1972இல்தான் முழுமையாக வெளிவந்தது.

நிறுவனம் (1949–1967)

1949இல் நோய்கிர்ஷனில் சூசே நிறுவனம் தொடங்கி, 1957இல் பாட் ஹெர்ஸ்ஃபெல்டுக்கு மாறியது. ஒளியியல் கருவி செய்யும் லைட்ஸ் நிறுவனத்துக்கு இசட்5, நில அளவைத் துறையினர் விரும்பிய இசட்11, குழல்களாலான இசட்22, டிரான்சிஸ்டர் கொண்ட இசட்23, தானியங்கி வரைகருவியான கிராஃபோமாட் இசட்64 ஆகியன குறிப்பிடத்தக்கவை. மொத்தம் 251 கணினிகள் விற்றதாகக் கூறப்படுகிறது. கடன் சுமையால் 1964இல் நிறுவனம் கைமாறியது; 1967இல் சீமென்ஸ் வசமாயிற்று.

பிற்காலம்

பேரண்டமே கணக்கிடும் இயந்திரமாக இருக்கலாம் என்ற கருத்தை 1969இல் நூலாக்கினார். 1980களின் பிற்பகுதியில், எழுபது வயதைக் கடந்த நிலையில், இசட்1ஐ மறுபடி கட்டினார். அது பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் உள்ளது. மூலத்தைப் போலவே மறுவடிவமும் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அடுக்குகள் உயர்ந்து தாழும் காற்றாலைக் கோபுரம் ஒன்றும் அவரது கடைசித் திட்டங்களில் அடங்கும். ஹூன்ஃபெல்டில் காலமானார்.

பெர்லினின் சூசே ஆய்வு நிறுவனம் அவர் பெயர் தாங்குகிறது. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆவணங்களிலிருந்து இசட்4இன் பயனர் கையேடு கிடைத்த செய்தி 2020இல் வெளியானது.