தீர்ந்துபோன பத்தாம் தொகுதி

கேபிள் வழியாக இணையம் பெறும் வீட்டில் மோடம் கோளாறு செய்தால், பல மைல் தொலைவிலிருந்தே ஊழியர் அதைச் சோதித்துவிடுகிறாரே, எப்படி? உங்கள் கணிப்பொறிக்கு ஐ.பி. முகவரி இருப்பதுபோல், மோடத்துக்கும் தனியே ஒன்று உண்டு. அது நிறுவனத்தின் மேலாண்மைக்கு மட்டுமே உரியது. வெளியுலகுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இத்தகைய உள்வேலைகளுக்கென 1994-இல் மூன்று எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் பெரியது 10 என்று தொடங்குவது. (முன்பு அது ஆர்ப்பாநெட்டின் எண், அவ்வலை 1990-இல் மூடப்பட்டது.) முகவரியின் 32 பிட்டுகளில் 8 போக மீதி 24. இருபத்துநான்கு இரண்டுகளைப் பெருக்கிப் பாருங்கள்: 1,67,77,216! யாருக்குத்தான் போதாது?

அமெரிக்காவின் காம்காஸ்ட் கேபிள் நிறுவனத்துக்குப் போதவில்லை. மோடங்களுக்கு வழங்கி வழங்கி, 2005-இல் தொகுதி தீர்ந்தது. அதன் பொறியாளர் அலேன் துரான் 2006-இல் காட்டிய கணக்கு இது: தொலைக்காட்சிச் சந்தாதாரர் 2 கோடி, வீட்டுக்குச் சராசரி 2.5 செட்டாப் பெட்டிகள்; பெட்டிக்கு 2 முகவரிகள். ஆக, 10 கோடி முகவரிகள்!

ஊருக்கு ஊர் அதே எண்களைத் திரும்ப வழங்கலாமே என்பீர்கள். வழங்கலாம்தான். ஆனால் இரு வீடுகளுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? மையத்திலிருந்து பெட்டிகளைக் கவனிப்பவருக்கும் அதே திண்டாட்டம்தான். ஆகவே 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு முகவரிக்கு மாற நிறுவனம் துணிந்தது. அதிலும் சந்தாதாரரின் கணிப்பொறிகளைத் தொடாமல், மேலாண்மைப் பகுதியில் முதலில் கை வைத்தனர். கெட்டிக்காரத்தனம்தான்! கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் 3.0 விதிகளிலும் 2006 ஆகஸ்டில் இம்முகவரிக்கு இடம் கிடைத்தது.