ரிஷி பஞ்சமி: ஏழு முனிவர்களுக்கு ஒரு நோன்பு, கூடவே ஒரு கேள்வி

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் பஞ்சாங்கக் காலண்டரில் 'ரிஷி பஞ்சமி' என்று போட்டிருக்கும். நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நேபாளத்திலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அது பெண்கள் ஒன்றுகூடி நோற்கும் முக்கிய நாள்.

யாரை வணங்குகிறார்கள்?

சப்தரிஷிகளை. காசியபர், அத்ரி, பரத்வாஜர், விசுவாமித்திரர், கௌதமர், ஜமதக்னி, வசிஷ்டர் ஆகிய எழுவர். கூடவே வசிஷ்டரின் மனைவி அருந்ததி. ஆமாம், கல்யாணத்தில் "அம்மி மிதிச்சு அருந்ததி பாருங்க" என்பார்களே, அதே அருந்ததிதான். வானத்தில் வசிஷ்டர் என்று சொல்லப்படும் நட்சத்திரத்தை ஒட்டி மங்கலாகத் தெரிவார்.

என்ன செய்வார்கள்?

நேபாளத்தில் தீஜ் பண்டிகையின் நிறைவாக இந்த நாள் வருகிறது. தீஜ் அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்த பெண்கள், பஞ்சமி காலையில் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். காத்மாண்டுவில் பாக்மதி ஆறு. நாயுருவிக் குச்சியால் பல் துலக்கி, செம்மண் பூசிக் குளிக்கிறார்கள். 365 குச்சிகள் வேண்டும் என்ற வழக்கமும் உண்டு, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று! பிறகு வட்டமாக உட்கார்ந்து பூசை செய்கிறார்கள், கதை கேட்கிறார்கள்.

எதற்காக இவ்வளவு குளியல்?

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மாதவிடாய் நாள்களில் தெரிந்தோ தெரியாமலோ 'தீட்டு' விதிகளை மீறியிருந்தால் அந்தப் பாவம் நீங்க வேண்டும், அதற்குத்தான் இந்த நோன்பு என்கிறது விரதக் கதை. விதர்ப்ப நாட்டு அந்தணர் ஒருவரின் மகள் உடலெங்கும் புழு மொய்க்கிறது. காரணம்? முற்பிறவியில் அந்த நாள்களில் பாத்திரத்தைத் தொட்டுவிட்டாளாம். அவ்வளவுதான் குற்றம்!

இன்று இதைக் கேட்கும் இளம்பெண்ணுக்குக் கோபம் வந்தால் அது நியாயமே. உடலின் இயல்பான வேலைக்கு மன்னிப்பு எதற்கு?

இது வெறும் கதை விவகாரமும் இல்லை. மேற்கு நேபாளத்தில் 'சௌபடி' என்ற வழக்கம் உண்டு. மாதவிடாயின்போது பெண்களை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைப்பது. புகையாலும் பாம்புக்கடியாலும் பலர் இறந்திருக்கிறார்கள். நேபாள உச்ச நீதிமன்றம் 2005இல் அதைத் தடைசெய்தது. 2018இல் நடப்புக்கு வந்த சட்டம், பெண்ணை அப்படித் தங்கவைப்போருக்கு 3 மாதம் வரை சிறை, 3,000 நேபாள ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ரிஷி பஞ்சமியும் சௌபடியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே தீட்டு எண்ணம்.

நேபாளப் பெண்களிலேயே சிலர் நோன்பை விட்டுவிட்டார்கள். சிலர் பாவக் கதையை ஒதுக்கிவிட்டு, முனிவர்களுக்கு நன்றி சொல்லும் நாளாக வைத்துக்கொள்கிறார்கள். அம்மா, அத்தை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் சேர்ந்து உட்காரும் அந்தக் காலைப்பொழுதை விட மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பாடு?

அன்றைக்கு மாடு பூட்டி உழுத நிலத்தில் விளைந்தது எதுவும் கூடாது. குஜராத்தில் குதிரைவாலிச் சோறு. மகாராஷ்டிரத்தில் 'ருஷிச்சி பாஜி': சேப்பங்கிழங்கு இலை, பூசணி, சோளம், கீரைத்தண்டு எல்லாம் ஒரே சட்டியில், வெங்காயம் பூண்டு இல்லாமல். விரதம் இருக்காத வீடுகளிலும் அன்றைக்கு அதைச் சமைக்கிறார்கள், ருசிக்காகவே.